சேலை கட்டி வந்த முன்னேற்றம்

"சேலை இல்லாம உள்ள விட முடியாதும்மா. எனக்கு ஒன்னும் இல்ல, சட்டம் அப்படி."

"அண்ணே, பதினொராம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் இல்ல. அதிபர் சேர்கிட்ட அத ஒரு வார்த்த கேட்டுட்டு இந்தா வந்துர்றேன்."

"கணக்கு டீச்சர் இல்லாமப் பள்ளிக்கூடம் நடத்தலாம்மா. தாய்மார சேலை இல்லாம உள்ள விட்டா நடத்த முடியாது."

மேல்நகர்த் தமிழ் வித்தியாலயத்தின் காவல்காரர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. தலைக்கு மேலே பலகை தொங்கியது. தாய்மார் சேலை அணிந்தே உட்பிரவேசிக்க வேண்டும் என்று மூன்று மொழிகளில் எழுதி, அடியில் ஒரு தாமரையும் வரைந்திருந்தார்கள்.

விஜயலெட்சுமி போன கிழமையும் சுரிதாரில் வந்து திரும்பிப் போனவள்தான். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து விடிகாலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறவள். ஊருக்கெல்லாம் சேலை விரித்தாலும் தனக்கென்று வெளியே கட்டிப் போக ஒன்று இல்லை. இருந்த கல்யாணக் கூறைச் சேலையைப் பூச்சி அரித்துவிட்டது.

மகள் நிஷாந்தினிக்கு இந்த வருஷம் ஓ-எல் என்கிற சாதாரண தரப் பரீட்சை. மற்றப் பாடமெல்லாம் கரை சேர்ந்துவிடுவாள். கணக்கு மட்டும் அந்தரத்தில் நின்றது. படிப்பித்த சேர் போன வருஷம் ஓய்வு பெற்றுப் போனார். அவர் உட்கார்ந்த கதிரைக்கு அதற்குப் பிறகு ஆள் வரவில்லை. கணக்கில் சித்தி, அதாவது தேர்ச்சி, இல்லாவிட்டால் உயர்தர வகுப்புக்குக் கதவு திறக்காது. அப்படித் திறக்காமல் போனால் என்ன செய்வது என்று விஜயலெட்சுமியின் அண்ணன் ஏற்கெனவே முடிவு கட்டி, கொழும்பில் ஒரு கார்மென்ட்ஸில் சொல்லியும் வைத்துவிட்டார். "பரீட்சை முடிஞ்ச கையோட அனுப்பு, எடம் பிடிச்சு வச்சிருக்கேன்" என்று வாரம் தவறாமல் போன் வந்துகொண்டிருந்தது.

கடை முதலாளி மபாஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குத்தானா ரெண்டு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீங்க? கடையில இருக்கிறதுல ஒன்டக் கட்டிட்டுப் போங்களேன். விக்கிற சாமான், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். டீ தந்தாக் குடிக்க வேணாம். எங்கயும் சாயவும் வேணாம்."

அப்படியாக மூன்றாவது தடவை, வெளிர்நீலத்தில் மாங்காய்க் கரை போட்ட சேலையில், கொண்டை போட்டு, கையில் குடையோடு விஜயலெட்சுமி வாசலுக்கு வந்தாள். காவல்காரர் கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

"குட் மோர்னிங் டீச்சர். சுணங்கிட்டீங்களே. அவங்க வந்துட்டாங்க."

இரண்டு தடவை திருப்பி அனுப்பிய அதே ஆள். அவர் எந்தத் தடவையும் முகத்தைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அவங்க என்றால் வலய முன்னேற்ற மதிப்பீட்டுக் குழு. மேல்நகர்க் கல்வி வலயம் வருஷத்துக்கு ஒருமுறை தான் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று தானே போய்ப் பார்த்துக்கொள்ளும். உள்ளே பேண்ட் வாத்தியம் முழங்கியது. பிள்ளைகள் இரண்டு வரிசையாகப் பனியில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். வெற்றிலைத் தட்டு வந்தது, மாலை வந்தது, பிறகு குழுவின் தலைவர் புவனேந்திரன் வந்தார். வலயத்தின் பணிப்பாளர். அவர் பின்னால் அதிபர் தம்பையா, வெயில் இல்லாத காலையில் வேர்த்து ஒழுகிக்கொண்டு ஓடி வந்தார்.

பணிப்பாளர் விஜயலெட்சுமியின் முன்னால் நின்றார்.

"எந்தப் பாடம்?"

பெரிய மனிதர் வாசலிலேயே நின்று குறையைக் கேட்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"கணக்குங்க ஐயா. பதினொராம் வகுப்பு. அதுக்கு வந்து..."

"கணிதமா? அதிபர், அப்ப நீங்க ஆசிரியர் வெற்றிடம் பூச்சியம்னு எழுதினது உண்மைதானா? நான் நம்பவே இல்ல."

அதிபர் தம்பையா விஜயலெட்சுமியைப் பார்த்தார். கும்பிடுவதற்குக் கை இரண்டும் பாதி எழும்பி, பணிப்பாளர் இருப்பதை நினைத்துத் திரும்பவும் கீழே போயிற்று.

"உண்மைதான் சேர்" என்றார். "இவங்கதான்."

"நல்லது. இவங்க பாடத்தையே பார்ப்போம்."

விஜயலெட்சுமி வாயைத் திறப்பதற்குள் அதிபர் அவள் பக்கம் வந்துவிட்டார். உதடு அசையாமல் பேசினார்.

"அம்மா, யாரு நீங்க?"

"நிஷாந்தினியோட அம்மாங்க."

"தாயே, காலில விழுறேன். ஒரு பாட நேரம் மட்டும். உண்மையச் சொன்னா என் வேலை போயிரும். அவங்க போன மறுநிமிஷம் டீச்சர் கேட்டு நானே எழுதுறேன்."

"நான் எட்டாம் வகுப்போட நின்னவங்க சேர்."

"அது பரவால்ல. அவங்களும் கணக்கு ஆளுங்க இல்ல."

வகுப்புக்குள் அவள் போனபோது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். இரண்டாம் வரிசை வாங்குப் பலகையிலிருந்து நிஷாந்தினியும் எழுந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போயிற்று. பக்கத்தில் இருந்த தோழி ஜிப்னா அவள் கையை மேசைக்கடியில் அழுத்திப் பிடித்தாள். குழு கடைசி வாங்கில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தது.

விஜயலெட்சுமி வெண்கட்டியை எடுத்தாள். கரும்பலகை பெரிதாக இருந்தது. எதை எழுதுவது? கடையில் சேலைக்கு விலை எழுதுவது போல எழுதினால் பிடிபட்டுவிடுவோம். மடிப்பில் வெண்கட்டித் தூள் விழுகிறதே என்ற பயம் வேறு. வெளியே ஜன்னலில் அதிபரின் பாதி முகம் தெரிந்தது. வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் இவள் டீச்சர் இல்லையென்று தெரியும்.

வீட்டில் மகளிடம் கேட்பதுதான் வாயில் வந்தது.

"போன தடவை எங்க விட்டீங்க?"

நிஷாந்தினி எழுந்தாள்.

"எங்கயும் விடல டீச்சர். ஆரம்பிக்கவே இல்ல."

கடைசி வாங்கில் பேனா ஓடியது. "மாணவர் அச்சமின்றிக் கருத்துக் கூறுகின்றனர்" என்று ஒருவர் எழுதிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"யாருக்கெல்லாம் வெளங்கல?"

எல்லாக் கையும் எழும்பியது.

"பங்கேற்பு நூறு வீதம்."

அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை. வெண்கட்டியைப் பிடித்தபடி நின்றாள். நேரம் போனது. ஒரு பிள்ளை இருமியது. இப்போது கேட்டுவிடுவார்கள், இப்போது கேட்டுவிடுவார்கள் என்று அவள் கடைசி வாங்கையே பார்த்தாள். பணிப்பாளர் எழுந்தார்.

"கவனிச்சீங்களா?" என்றார் தன் ஆட்களிடம். "டீச்சர் எதையுமே சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுக்கிற சோதனை எவ்வளவு பெருசு. அத அடக்கிட்டு நிக்கிறாங்க பாருங்க. மாணவர் மையக் கற்பித்தல்னு நாம வருஷக்கணக்காச் சொல்றது இதத்தான். எங்க வலயத்துல பல பேரு இன்னும் படிப்பிச்சுக்கிட்டு இருக்காங்க."

குழு எழுந்து கை தட்டியது. பிள்ளைகளும் தட்ட வேண்டியதாயிற்று. நிஷாந்தினி தட்டவில்லை.

அவர்கள் அடுத்த கட்டிடத்துக்குப் போனதும் விஜயலெட்சுமி அதிபரை மறித்தாள்.

"சேர், நான் எதுக்கு வந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. எனக்கு மட்டும் டீச்சர் வேணாமா? போன வருஷம் வெற்றிடம் ஒன்னுன்னு உண்மையாத்தான் எழுதுனேன். எல்லா அதிபர்மாருக்கும் முன்னால என்னைய எழுப்பி நிக்க வச்சு, 'ஏன் நீங்க மட்டும் முன்னேறல'ன்னு கேட்டாங்க. இந்த வருஷம் பூச்சியம்னு எழுதுனேன். தோள்ல தட்டுனாங்க."

"இப்பப் போய் டீச்சர் கேட்டு எழுதுவீங்கதானே?"

அதிபர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"வலயத்தோட வருடாந்த விழா வருது. உங்களுக்குப் பரிசு குடுப்பாங்கன்னு நினைக்கிறேன். மேடையில பணிப்பாளர்கிட்ட நீங்களே நேருக்கு நேரா கேளுங்க. அத்தனை பேருக்கு முன்னால இல்லன்னு சொல்ல மாட்டாரு."

அன்று சாயந்தரம் தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏற்றத்தில் நடக்கும்போது மகள் சொன்னாள்.

"அம்மா, இனிமே எங்களுக்குக் கணக்கு டீச்சர் வர மாட்டாங்க."

"ஏன்டி அப்படிச் சொல்ற?"

"நீங்க வந்துட்டீங்களே."

விழா நகரத்துப் பெரிய மண்டபத்தில் நடந்தது. மங்கல விளக்கில் திரிகளை விட அதிகாரிகள் அதிகமாக இருந்தபடியால் இன்னொரு விளக்கு இரவல் வாங்கி வர ஆள் போனது. அது வரும்வரை எல்லோரும் கையில் எரியும் மெழுகுதிரியோடு நின்றார்கள். வரவேற்பு நடனம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. பிறகு பணிப்பாளர் புவனேந்திரன் பேசினார்.

"அன்பார்ந்த பெரியோர்களே. சென்ற வருடம் இவ்வலயத்தில் கணித ஆசிரியர் வெற்றிடங்கள் மலிந்து கிடந்தன. நாங்கள் கூடினோம். சிந்தித்தோம். மீண்டும் கூடினோம். ஆசிரியர்களைக் கூட்டுவதா, வெற்றிடங்களைக் குறைப்பதா என்று ஆழமாக ஆராய்ந்தோம். ஆசிரியர்களைக் கூட்டுவது நம் கையில் இல்லை. வெற்றிடங்களைக் குறைப்பது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. இன்று இவ்வலயத்தில் ஒரு வெற்றிடமும் இல்லை என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன். சித்தி வீதம் மட்டும் சற்றுச் சரிந்திருக்கிறது. அதற்குக் காரணம் மாணவர்கள். நல்லவேளையாக, மாணவர்களை நாங்கள் முன்னேற்றச் சுட்டிகளில் சேர்க்கவில்லை. ஆகவே முன்னேற்றம் பாதிக்கப்படவில்லை."

மண்டபம் கை தட்டியது. சிறந்த கணித ஆசிரியை என்று விஜயலெட்சுமியின் பெயரை வாசித்தார்கள். அதே வெளிர்நீலச் சேலையில் மேடை ஏறினாள். கேடயத்தைக் கொடுத்துவிட்டு ஒலிவாங்கியையும் நீட்டினார்கள். அவள் மண்டபத்தைப் பார்க்காமல் பணிப்பாளரைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா, நான் டீச்சர் இல்லைங்க. நான் ஒரு அம்மாங்க. எங்க பிள்ளைங்களுக்குக் கணக்கு டீச்சர் வேணும்."

அதிபர் தம்பையா கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முன் வரிசையில் ஒரு அம்மையார் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றினார். பிறகு கைதட்டல் இடி மாதிரி எழும்பியது. பணிப்பாளர் ஒலிவாங்கியை வாங்கினார், குரல் தழுதழுத்தது.

"கேட்டீர்களா? நான் ஆசிரியை அல்ல, தாய் என்கிறார். இத்தனை திறமை இருந்தும் இன்னும் ஆசிரியர் வேண்டும் என்று பிள்ளைகளுக்காக ஏங்குகிறார். இந்த அடக்கத்தை அடுத்த வருடத்திலிருந்து நாம் ஒரு சுட்டியாகச் சேர்ப்போம்."

அவள் மேடையை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. விழா கலைந்து, பணிப்பாளர் பின்கட்டு அறையில் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே போய்க் கேடயத்தை மேசையில் வைத்தாள்.

"ஐயா, நான் சேலைக் கடையில வேலை செய்றவ. நான் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் படிப்பிக்கல. அந்தப் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் இல்ல. சத்தியமா இல்ல."

பணிப்பாளர் கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் அதிசயம் எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயம் பிடித்தது.

"உட்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை, சேலை கசங்கும். "நீங்க சொல்றத நான் நம்புறேன்னு வைங்க. அப்ப மாகாணத்துக்கு அனுப்பின அறிக்கை பொய்யாயிரும். அறிக்கை பொய்யாக முடியாது."

"ஏங்க?"

"அனுப்பியாச்சு. அப்ப யாரு பொய்? டீச்சர்னு வகுப்புக்குள்ள போனது யாரு? பரிசு வாங்குனது யாரு? பொலிஸுக்குப் போனா அவங்க இதத்தான் கேப்பாங்க."

விஜயலெட்சுமிக்கு அண்ணனின் போன் காதில் அடிப்பது போல இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"என்னையப் பிடிச்சுக் குடுக்கிறதுன்னாக் குடுங்க. என் மக பரீட்சைக்கு ஒரு டீச்சர அனுப்பிட்டுக் குடுங்க."

பணிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாருங்கம்மா. நானும் மனுஷன்தான். ஆனா டீச்சர் இருக்கிற எடத்துக்கு டீச்சர் போட முடியாது. நீங்க போனாத்தான் எடம் காலியாகும்."

"நான் போயிர்றேங்க. இப்பவே."

"எப்படிப் போவீங்க? இல்லாத வேலைய விட முடியாதே." கொஞ்சம் யோசித்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "ஒரு வழி இருக்கு. பரஸ்பர இடமாற்றம். மொனராகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு கணக்கு டீச்சர் மாற்றம் கேட்டிருக்காங்க. அவங்க இங்க, நீங்க அங்க. நல்ல டீச்சர், அந்தப் பக்கத்துல பாராட்டெல்லாம் வாங்குனவங்க."

"நான் மொனராகலைக்குப் போகணுங்களா?"

"நீங்க போக வேணாம். மாற்றம் போனாப் போதும்."

அவர் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது அதிபர் தம்பையா தூணோரம் நின்று கும்பிட்டார். அவள் பதிலுக்குக் கும்பிட்டாள். அன்று சாயந்தரம், இத்தனை நாளும் எடுக்காமல் விட்ட அண்ணனின் போனை எடுத்து, "அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துருங்கண்ணே, என் மக படிக்கப் போறா" என்றாள்.

புது டீச்சர் வருகிற அன்று விஜயலெட்சுமி கடைக்குச் சுணங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் பாடசாலை வாசலில் வந்து நின்றாள். சுரிதாரில் இருந்தபடியால் காவல்காரர் உள்ளே விடவில்லை. மொனராகலையிலிருந்து பசறை வழியாக வந்த பஸ்ஸிலிருந்து மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் இறங்கினாள். பிரயாணக் களைப்பு, கையில் சின்னப் பை. காவல்காரர் எழுந்து நின்றார். பேண்ட் முழங்கியது. அதிபர் மாலையோடு ஓடி வந்தார். போன தடவை வேர்த்த மனிதர் இன்றைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சரைப் பதினொராம் வகுப்புக்குள் கூட்டிப் போவது வாசலிலிருந்தே தெரிந்தது. விஜயலெட்சுமி வாசற்கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பிலிருந்து சத்தம் ஏதும் வரவில்லை. அமைதியாகக் கேட்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

இடைவேளை மணி அடித்ததும் நிஷாந்தினி ஓடி வந்தாள்.

"என்னடி, எப்படி?"

"அம்மா, அவங்க போர்ட்ல ஒன்னும் எழுதல."

"முதல் நாள்தானே. என்ன சொன்னாங்க?"

"'போன தடவை எங்க விட்டீங்க'ன்னு கேட்டாங்க. பெறகு சும்மா நின்னுக்கிட்டே இருந்தாங்க. வெண்கட்டிய மட்டும் கையில பிடிச்சிருந்தாங்கம்மா."

விஜயலெட்சுமி மகளை வகுப்புக்கு அனுப்பினாள். அந்த வெண்கட்டி எப்படிக் கனத்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் சேலைக்காரி தானே வாசலுக்கு வந்தாள். மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். காவல்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"அக்கா, மொனராகலைக்குத் திரும்பிப் போற பஸ் எந்நேரம்னு தெரியுமா?"

"வந்த அன்னிக்கேவா டீச்சர்?"

அந்தப் பெண் அங்குமிங்கும் பார்த்தாள். ஒரு முழுக் காலை நேரம் பொய்யைச் சுமந்து களைத்தவள் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இறக்கி வைப்பது போல இருந்தது.

"நான் டீச்சர் இல்லக்கா. பேரு லோகமணி. றப்பர்த் தோட்டத்துல பால் வெட்டுறவ. என் மகளுக்கு இந்த வருஷம் ஓ-எல். கணக்குக்கு டீச்சர் இல்லன்னு கேக்கப் போனேன், சேலை கட்டிக்கிட்டு. அன்னிக்குப் பார்த்துப் பெரிய ஆளுங்க வந்திருந்தாங்க."

விஜயலெட்சுமி கம்பியை விடவில்லை.

"பெறகு?"

"பெறகு என்னைய விடவே இல்ல. அழுது பார்த்தேன். கடைசியில அங்க உள்ள பெரியவரு, 'நீ மேல்நகருக்கு மாற்றத்துல போய் ஒரு நாளைக்கு முகத்தக் காட்டிட்டு வா, உன் மகளுக்கு அங்கருந்து அசல் டீச்சர் வருவாங்க'ன்னாரு. மேடையில கேடயம் வாங்குனவங்களாம். பிள்ளைங்களத் தன் பிள்ளை மாதிரி பார்ப்பாங்களாம். இன்னிக்குத்தான் அங்க வாறாங்க." லோகமணி முதல் தடவையாகச் சிரித்தாள். "நீங்க இந்த ஊருதானே அக்கா? உங்களுக்கு அவங்களத் தெரிஞ்சிருக்கும். நல்லாச் சொல்லிக் குடுப்பாங்களா?"

வகுப்புகளுக்கு மீண்டும் மணி அடித்தது. விஜயலெட்சுமி அது ஓயும்வரை காத்திருந்தாள். பிறகும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்த டீச்சர் நான்தான் லோகமணி."

லோகமணி அவள் முகத்தைப் பார்த்தாள், சுரிதாரைப் பார்த்தாள். கோபப்படவில்லை. பஸ் போன பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் மக இன்னிக்கு விடிய முன்னமே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாக்கா" என்றாள். "முன் வாங்குல எடம் பிடிக்கணும்னு."